டிவிஎஸ் 50 என்னும் வாத்தியார்

மதுரையில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் கவலையே இல்லை. தெருவுக்கு ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. காலை ஆறு மணிக்கே 'எல்' போர்டு மாட்டிய கார்கள் ரோட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஆனால் பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். "இதுக்கெல்லாமா பள்ளிக்கூடம் போவாங்க?" என்பார்கள். பெண்களுக்கு ஸ்கூட்டர் சொல்லித்தரப்படும் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக போர்டு தென்படும். அவ்வளவுதான்.

ஆனால் கோரிப்பாளையம் சிக்னலில் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். ஒரு காருக்கு எத்தனை டூவீலர் நிற்கிறது என்று எண்ணி முடிப்பதற்குள் பச்சை விழுந்துவிடும். இத்தனை பேருக்கும் யார் சொல்லிக்கொடுத்தது? அப்பாவா, அண்ணனா, பக்கத்து வீட்டு மாமாவா? அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் சுவாரசியமான ஒரு வரலாறு கிடைக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் வண்டிதான் வாத்தியார். ஓட்டுவதில் இருந்த ஒவ்வொரு கஷ்டத்தையும் ஒவ்வொரு புது வண்டி குறைத்தது. கஷ்டம் குறையக் குறைய, அதுவரை வெளியே நின்ற ஒரு கூட்டம் உள்ளே வந்தது. அந்த வாத்தியார் சொல்லித்தராத பாடமும் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

அப்படி என்னதான் கஷ்டம்?

ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இது மறந்தே போயிருக்கும். பைக் ஓட்டுவது ஒரு வேலை இல்லை, ஐந்து வேலை. ஸ்டார்ட் செய்வது, விழாமல் நிற்பது, கிளட்ச், கியர், பிரேக். சைக்கிள் தெரிந்தவருக்கு பேலன்ஸ் ஏற்கெனவே கைவசம். அதனால்தான் "சைக்கிள் தெரியுமா?" என்பது முதல் கேள்வியாக வருகிறது. மீதி நான்கில் பெரிய வில்லன் கிளட்ச்.

ஏன் என்றால் பெட்ரோல் என்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. அது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் அணைந்துவிடும். ஆனால் சக்கரம் நின்றுகொண்டிருக்கிறது. சுற்றுகிற ஒன்றையும் சும்மா நிற்கிற ஒன்றையும் டக்கென்று கோர்த்தால் இரண்டில் ஒன்று நடக்கும். என்ஜின் 'புஸ்' என்று அணையும், அல்லது வண்டி முயல் மாதிரி தாவும். கிளட்ச்சுக்குள் இருக்கும் தட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரசவிட்டுச் சேர்க்க வேண்டும். இடது கை லீவரை விடும்போது, வண்டி லேசாக இழுக்க ஆரம்பிக்கிற ஓர் இடம் வரும். அந்த இடத்தைக் கை தானாகக் கண்டுபிடிக்கும் வரை அது புத்தகத்தில் படித்து வருகிற விஷயம் இல்லை.

கார் பயிற்சியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்காரும் மாஸ்டர் காலடியிலும் பெடல் இருக்கும். நீங்கள் தப்பு செய்தால் அவர் மிதித்துவிடுவார். பைக்கில் அது முடியாது. பின்னால் உட்கார்ந்திருப்பவரால் கத்த மட்டும்தான் முடியும். விழுந்தால் அவரும் சேர்ந்துதான் விழ வேண்டும். பைக்குக்குப் பள்ளிக்கூடம் பெருகாமல் போனதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

தள்ளிக்கொண்டே ஓடிய காலம்

உலகத்தின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1885ல் ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் செய்தது. மரச் சட்டம், மரச் சக்கரம். கீழே விழாமல் இருக்க இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரங்கள், குழந்தைகள் சைக்கிளில் மாட்டுகிறோமே அதே மாதிரி. அந்த நவம்பரில் அதை ஓட்டிக்காட்டியது டைம்லரின் மகன் பால். அவருக்கு அப்போது பதினெட்டு வயது ஆகவில்லை. ஆக, உலகத்தின் முதல் பைக் ரைடே நம்மூர் கணக்கில் லைசென்ஸ் எடுக்க வயசு வராத பையனுடையதுதான் :-)

1894ல் ஹில்டபிராண்ட், வோல்ஃப்முல்லர் என்பவர்கள் விற்பனைக்கே வண்டி தயாரித்தார்கள். அதில் கிளட்ச்சே கிடையாது. ரயில் என்ஜின் மாதிரி தண்டு நேரடியாகப் பின்சக்கரத்தைச் சுற்றும். தள்ளிக்கொண்டே ஓடி, என்ஜின் பிடித்ததும் ஏறிக்கொள்ள வேண்டும். அதற்குப் பின் வந்த பல வண்டிகளும், என்ஜினிலிருந்து சக்கரத்துக்கு ஒரு பெல்ட், ஓடித் தாவி ஏறு என்ற ரகம்தான். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஓட்டப் பந்தயம். கிளட்ச்சும் கியரும் வந்தது உண்மையில் ஓட்டுபவருக்கு வசதி செய்து தரத்தான். ஆனால் அந்த வசதியே கற்றுக்கொள்கிறவருக்குப் புதுக் கஷ்டமாகிவிட்டது.

நம் நாட்டில் மோட்டார் வண்டிகளுக்கான அகில இந்தியச் சட்டம் 1914ல் வந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் மதுரையில் ஒருவர் பஸ் விட ஆரம்பித்திருந்தார். திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடியில் 1877ல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் மட்டுமே தெரிந்த ஊரில், குறித்த நேரத்துக்குக் கிளம்பும் மோட்டார் பஸ். டிவிஎஸ் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று மதுரைப் பக்கம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரியிலிருந்து வாயு எடுத்து பஸ் ஓட்டும் கருவியைத் தயாரித்தவரும் அவர்தான். மேல வெளி வீதியின் டிவிஎஸ் கட்டடம், டிவிஎஸ் நகர் என்று அந்தப் பெயர் ஊரில் ஊறிப்போனது இப்படித்தான்.

1972ல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. டிவிஎஸ் பஸ்கள் அரசுடைமை ஆயின. அதற்கு எட்டு வருஷம் கழித்து அதே குடும்பத்திலிருந்து இரண்டு சக்கரத்தில் ஒரு வண்டி வரப்போகிறது. அதற்கு முன், அப்போது ரோட்டில் என்ன ஓடியது என்று பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு இலக்கணம்

1955ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் தொழிற்சாலையில் 350 சிசி புல்லட் தயாரானது. முதல் பெரிய வாடிக்கையாளர் இந்திய ராணுவம். எல்லையில் ரோந்து போக 800 வண்டிகள் கேட்டிருந்தார்கள். வண்டியின் எடை 160 கிலோவுக்கு மேல். உதைத்து ஸ்டார்ட் செய்யவே ஒரு சடங்கு உண்டு. அம்மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும், டீகம்ப்ரஸர் லீவரை அழுத்த வேண்டும், பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து பிறகு உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும். போதாததற்கு, பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில்.

மைசூரில் தயாரான ஜாவா, எஸ்டி வண்டிகளில் வேறு வேடிக்கை. கிக்கரும் கியர் லீவரும் ஒரே கம்பிதான். உதைத்துவிட்டு முன்னால் திருப்பிவிட்டால் அதுவே கியர். ஸ்கூட்டருக்குப் போனால் கியர் கால்பக்கமே கிடையாது. இடது கைப்பிடியைக் கிளட்ச்சோடு சேர்த்துத் திருக வேண்டும். என்ஜின் ஒரு பக்கமாக இருப்பதால் எடையும் ஒரு பக்கம் இழுக்கும். ஸ்டார்ட் ஆகாவிட்டால் வண்டியை ஒருக்களித்துச் சாய்த்துவிட்டு உதைப்பார்களே, பார்த்திருப்பீர்கள். ஒரு வண்டியில் படித்த பாடம் அடுத்த வண்டியில் அப்படியே செல்லாது.

இதைவிடப் பெரிய கஷ்டம் வண்டி கிடைப்பது. லைசென்ஸ் ராஜ் காலத்தில் எந்தக் கம்பெனி எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்பதை அரசு தீர்மானித்தது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்படி வந்த வண்டியை யாராவது பழகுவதற்குக் கொடுப்பார்களா? மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் என்றால் போலீஸ்காரர், ராணுவத்திலிருந்து வந்தவர், மெக்கானிக், அல்லது வசதியான வீட்டுப் பிள்ளை. கிராமத்தில் அந்தச் சத்தம் கேட்டால் யார் வருகிறார் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். ஏனென்றால் ஊரில் இருப்பதே ஒன்றோ இரண்டோதான்.

கிளட்ச் லீவர் காணாமல் போனது

'மோப்பட்' என்ற சொல்லை 1952ல் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் உருவாக்கினார். மோட்டாரும் பெடலும் சேர்ந்தது என்று பொருள். போரில் நொந்துபோன ஐரோப்பாவில் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் ஒரு மலிவான வண்டி தேவைப்பட்டது. ஜப்பானில் 1958ல் ஹோண்டா 'சூப்பர் கப்' என்ற சின்ன வண்டியைக் கொண்டுவந்தது. அதில் கியர் உண்டு, ஆனால் கிளட்ச் லீவர் இல்லை. ஒரு கையில் நூடுல்ஸ் தட்டை ஏந்திக்கொண்டு இன்னொரு கையால் ஓட்டுகிற கடைப்பையனையும் மனதில் வைத்து அதை வடிவமைத்தார்கள் என்று சொல்வார்கள். 2017ல் அந்த வண்டிகளின் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. உலகத்தில் அதிகம் தயாரிக்கப்பட்ட மோட்டார் வாகனம் அதுதான்.

லீவர் இல்லாமல் கிளட்ச் எப்படி வேலை செய்யும்? சித்திரைப் பொருட்காட்சியில் குடைராட்டினம் பார்த்திருப்பீர்கள். மெதுவாகச் சுற்றும்போது தொட்டில்கள் நேராகத் தொங்கும். வேகம் கூடக்கூட வெளியே விரியும். அதே தத்துவம்தான். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது கிளட்ச் கட்டைகள் உள்ளே ஒடுங்கியிருக்கும், சக்கரத்துக்கு விசை போகாது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் கட்டைகள் வெளியே விரிந்து டிரம்மைப் பிடித்துக்கொள்ளும், வண்டி நகரும். முறுக்கை விட்டால் தானாகவே விட்டுவிடும். இடது கை தேட வேண்டிய அந்த மாய இடத்தை வண்டியே தேடிக்கொள்கிறது.

இந்தியாவில் 1972ல் புனேயிலிருந்து கைனெடிக் கம்பெனியின் லூனா வந்தது. நல்ல வண்டி. ஆனால் அப்போதைய மோப்பட்கள் ஒருவர் போவதற்கானவை. நம் ஊரில் வண்டி வாங்கினால் ஒருவர் மட்டுமா போவார்? 1980ல் ஓசூரில் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் டிவிஎஸ் 50 வண்டியைத் தயாரித்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகும்படி செய்யப்பட்ட இந்தியாவின் முதல் மோப்பட் என்று அதைச் சொல்கிறார்கள். 50 சிசிக்குள் இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின். கியர் மாற்றுகிற வேலை கிடையாது. கிளட்ச் பிடிக்கிற வேலை கிடையாது. முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும்.

ஐந்து வேலையில் இரண்டு போயே போச்சு. சைக்கிள் தெரிந்தவருக்கு பேலன்ஸும் ஏற்கெனவே வந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஸ்டார்ட் செய்வதும் நிறுத்துவதும்தான். ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்கிற விஷயமாக வண்டி ஓட்டுவது மாறிவிட்டது.

கண்மாய்க்குள் நடந்த பள்ளிக்கூடம்

மதுரையைச் சுற்றியிருக்கும் நிலத்தைத் தெரிந்தவர்களுக்கு இந்த வண்டி ஏன் இங்கே இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்பது புரியும். மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, சோழவந்தான், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் பெரும்பாலும் சமவெளி. ஊருக்கும் டவுனுக்கும் நடுவில் பத்து, இருபது, முப்பது கிலோமீட்டர். சைக்கிளில் போனால் முழங்கால் கழன்றுவிடும், பஸ்ஸுக்கு நின்றால் நேரம் போய்விடும். மல்லிகையை விடியற்காலையில் பறித்து மொட்டு விரிவதற்குள் பூ மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும். பால் திரிவதற்குள் போக வேண்டும். பால் கேன், பூ மூட்டை, வாழை இலைக்கட்டு, கோழிக்கூடை, ஆட்டுக்குட்டி என்று டிவிஎஸ் 50 சுமக்காத சாமான் இல்லை. பின்னால் வந்த எக்ஸ்.எல். வண்டிகளில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டை கட்டலாம். முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு மூட்டை.

பழகும் இடத்துக்கும் பஞ்சமில்லை. கோடையில் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் எதிரே வண்டி கிடையாது. விழுந்தாலும் மண். வருஷத்தில் பாதி நாள் வைகையே மைதானம் மாதிரிதான் கிடந்தது. ஊர்ப் பள்ளிக்கூட மைதானம், கதிர் அறுத்த வயல், ஆள் நடமாட்டம் இல்லாத மண் ரோடு, இவைதான் நம் டிரைவிங் ஸ்கூல்கள். பாடத்திட்டமும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதலில் குரங்குப் பெடல் போட்டு சைக்கிள் பழகுவது. மணிக்கணக்கு வாடகைக்குச் சைக்கிள் எடுத்தாவது அதைப் பழகிவிடுவார்கள். அடுத்தது வீட்டு மோப்பட்டை ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைச் சும்மா சுற்றவிட்டு, முறுக்கிப் பார்ப்பது. பிறகு ஒருவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர, நாம் ஓட்டுவது. அவர் எப்போது கையை விட்டார் என்று நமக்கே தெரியாது. முழங்கையில் ஒரு சிராய்ப்பு, கெண்டைக்காலில் ஒரு சைலன்சர் சூடு. இதுதான் சர்ட்டிபிகேட்.

இதில் கவனிக்க வேண்டியது, யார் யார் கற்றுக்கொண்டார்கள் என்பது. படித்த இளைஞர்கள் மட்டும் இல்லை. ஐம்பது வயது விவசாயி கற்றுக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டலாம், ஏனென்றால் குறுக்கே பெட்ரோல் டேங்க் தாண்டிக் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ரிப்பேருக்கு டவுனுக்கு ஓட வேண்டாம், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். மோட்டார் வண்டி என்பது 'அவர்கள்' ஓட்டுவது என்ற எண்ணத்தை உடைத்தது புல்லட் இல்லை, இந்தச் சின்ன வண்டிதான். 2015ல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்து இன்றும் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணமும் அதுதான். இதில் மதுரைக்கு இன்னொரு பங்கும் உண்டு. மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் இருக்கும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா தொழிற்சாலையில் 1980களிலிருந்து டூவீலர் டயர் தயாராகிறது. 1982ல் தொடங்கிய நிறுவனம் அது.

அடுத்த வகுப்பு

அதே 1982ல் டிவிஎஸ் ஜப்பானின் சுசுகியோடு ஒப்பந்தம் போட்டது. 1984ல் இந்த்-சுசுகி 100 சிசி வந்தது. 1985ல் ஹீரோ ஹோண்டா சிடி 100ம், யமஹா ஆர்எக்ஸ் 100ம். புல்லட்டோடு ஒப்பிட்டால் எடை மிகவும் குறைந்த பைக்குகள். ஒரே உதையில் ஸ்டார்ட். கியர் இடது காலுக்கு வந்துவிட்டது. ஹீரோ ஹோண்டாவில் நான்கு கியரும் ஒரே திசையில் மிதித்தால் போதும். மோப்பட்டில் ரோட்டுக்குப் பழகிய ஒருவர் இதற்கு வரும்போது புதிதாகப் படிக்க வேண்டியது கிளட்ச்சும் கியரும் மட்டும்தான். ரோடு, ஹாரன், எதிரே வரும் லாரி எல்லாம் ஏற்கெனவே பழக்கம்.

இதனால்தான் மோப்பட்டை ஆரம்பப் பள்ளி என்கிறேன். ஐந்து பாடத்தையும் ஒரே நாளில் நடத்தினால் மாணவன் ஓடிப்போவான். சைக்கிளில் ஒன்று, மோப்பட்டில் இரண்டு, பைக்கில் இரண்டு என்று பிரித்து நடத்தினால் பாஸாகிவிடுவான். இந்தப் பாடத்திட்டத்தை யாரும் உட்கார்ந்து போடவில்லை, வண்டிகள் வந்த வரிசையில் அது தானாக அமைந்தது.

வண்டி மட்டும் போதவில்லை

ஆனால் கிளட்ச் போனதும் எல்லோரும் ஓட்டிவிட்டார்களா? இல்லை. கிராமங்களில் பெண்கள் பின் சீட்டில்தான் இருந்தார்கள். வண்டி எளிதாகிவிட்டது, வீட்டில் அனுமதி எளிதாகவில்லை. முதல் படியான சைக்கிளே பல பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

அதை உடைத்த ஊர் மதுரைக்கு வடகிழக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் இருக்கிறது. 1991-92ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார்கள். விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று மைதானத்தில் கூட்டம் கூட்டமாகப் பழகினார்கள். சைக்கிள் வாங்கக் கடன் வசதியும் செய்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். முன் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகத்துக்குச் சொன்னார்.

இந்தச் சம்பவத்தில் எனக்குப் பிடித்தது அந்தக் 'கூட்டம்'தான். ஒரு பெண் தனியாகக் கண்மாய்க்குள் பழகினால் ஊர் பேசும். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நூறு பெண்கள் சேர்ந்து பழகினால் ஊர் என்ன பேசும்? வேடிக்கை பார்க்கும், பிறகு பழகிவிடும். இரண்டு சக்கரம் ஓட்டுவதற்கு நம் பக்கத்தில் உண்மையிலேயே பள்ளிக்கூடம் மாதிரி ஒன்று நடந்தது என்றால், எனக்குத் தெரிந்து அது இதுதான்.

அதன் பிறகு வந்த வண்டிகளுக்கு வழி கொஞ்சம் சுலபமானது. 1984லேயே கைனெடிக் ஹோண்டா பட்டன் ஸ்டார்ட்டோடு வந்திருந்தது. ஆக, ஸ்டார்ட் செய்கிற கஷ்டமும் போனது. 1990களின் நடுவில் டிவிஎஸ் ஸ்கூட்டி வந்தது. ஸ்கூட்டி என்பது ஒரு கம்பெனி மாடலின் பெயர் என்பதே மறந்துபோய், எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் பெண்கள் ஓட்டினால் 'ஸ்கூட்டி' என்று சொல்லும் அளவுக்கு அது பரவியது. 2001ல் ஹோண்டா ஆக்டிவா வந்தது. பள்ளி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்ததும் அதே காலத்தில்தான்.

2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தது. வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அது மானியம். வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர் என்பது இலக்கு. ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் அந்த மாதங்களில் ஆர்.டி.ஓ. ஆபீஸ்களில் எல்.எல்.ஆர். போடப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். 2021ல் ஆட்சி மாறி, டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்த பிறகு அந்தத் திட்டம் தொடரவில்லை. எது சிறந்தது என்ற அரசியல் விவாதத்துக்கு நான் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். வண்டிக்குப் பணம் கொடுக்க அரசு யோசித்தது. ஓட்டச் சொல்லிக்கொடுக்க யாரும் யோசிக்கவில்லை.

வாத்தியார் நடத்தாத பாடம்

இப்போது அந்தக் கடைசி விஷயம். ஐந்து வேலையில் மூன்றை வண்டி பார்த்துக்கொண்டது, பேலன்ஸ் சைக்கிளிலேயே வந்துவிட்டது. ஐந்தாவது, நிறுத்துவது. அங்கேதான் உயிர் போகிறது.

2022ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், மாநிலங்களில் முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். இதெல்லாம் மத்திய அரசின் கணக்கு.

கண்மாய்க்குள் பழகியவருக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்காது. ஒன்று, அவசரமாக நிறுத்துவது. "முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கி அடிச்சிரும்" என்பது நம் ஊர் வேதவாக்கு. மண்ணில், திருப்பத்தில் அது சரிதான். ஆனால் நல்ல தார் ரோட்டில் பிரேக் அடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. அப்போது வண்டியை நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி முன்சக்கரத்திடம்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக அழுத்திப் பழக வேண்டும். பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் தேய்த்துக்கொண்டே போகும், வண்டி நிற்காது. இரண்டாவது, வேகத்தின் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனால், அதற்குள்ளேயே ஒரு பஸ்ஸைவிட நீளமான தூரம் போயிருப்போம்.

லைசென்ஸ் தேர்வு இதைச் சோதிக்கிறதா? விதிகளில் சிக்னல் காட்டுவது, அவசரமாக நிறுத்துவது எல்லாம் பட்டியலில் இருக்கிறது. ஆனால் தேர்வு என்றால் மக்கள் மனதில் '8' போடுவதுதான். காலை ஊன்றாமல் மெதுவாக எட்டு போட்டால் லைசென்ஸ். பேலன்ஸ் இருக்கிறதா என்று பார்க்க எட்டு நல்ல தேர்வுதான். ஆனால் மெதுவாகப் போகும்போது யாரும் சாவதில்லையே.

வயசு விஷயமும் இப்படித்தான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 50 சிசிக்கு மேற்படாத கியர் இல்லாத வண்டியை 16 வயதில் ஓட்டலாம், மற்றதற்கு 18. அருமையான ஏற்பாடு. முதலில் சின்ன வண்டியில் பழகு, பிறகு பெரியதுக்கு வா என்பதுதான் அதன் உள்ளர்த்தம். ஆனால் மோப்பட்களே 70 சிசி, 100 சிசி ஆகிவிட்டன. ஸ்கூட்டர்கள் 110, 125. அந்த 16 வயதுப் படிக்கட்டு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, கடையில் இல்லை. இன்று பிளஸ் ஒன் மாணவன் ஓட்டுகிற வண்டி கிட்டத்தட்ட எதுவாக இருந்தாலும் அது சட்டவிரோதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு சிறுவர்கள் ஓட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

ஹெல்மெட் கதை எல்லோருக்கும் தெரியும். 2007 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் கட்டாயம் என்றார்கள், கொஞ்ச நாளில் நீர்த்துப்போனது. 2015 ஜூலை 1 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி மறுபடி கட்டாயம். இப்போதும் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து ஊர்வலம் போகிற ஹெல்மெட்கள்தான் அதிகம்.

2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே, ஒரு பிரேக்கைப் பிடித்தால் இன்னொன்றும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடாவது வேண்டும். பார்த்தீர்களா, இங்கேயும் மனிதனுக்குச் சொல்லித்தராமல் வண்டிக்கே சொல்லிக்கொடுத்துவிட்டோம்! நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பிரேக்கை எப்போது பிடிக்க வேண்டும் என்பதை வண்டி சொல்லாது. சந்திலிருந்து ஒரு குழந்தை ஓடிவரலாம் என்று முன்கூட்டியே நினைக்கிற புத்தியை எந்தக் கம்பெனியும் பொருத்தித் தராது.

பிரிட்டனில் 1990ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். புதிதாக பைக் எடுக்கும் யாரும் ஒரு அடிப்படைப் பயிற்சியை முடிக்காமல் ரோட்டுக்கு வரக்கூடாது. முதலில் மூடிய மைதானத்தில் பயிற்சி. பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் ரோட்டில். பயிற்சியாளர் பின்னால் இன்னொரு வண்டியில் வருவார், ரேடியோவில் பேசிக்கொண்டே. பின் சீட்டில் உட்கார்ந்து கத்த வேண்டியதில்லை. முன்னால் சொன்னேனே, பைக்கில் மாஸ்டருக்கு பிரேக் கிடையாது என்று, அந்தப் பிரச்சினைக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி இது.

நமக்கு ரேடியோ எல்லாம்கூட வேண்டாம். புதுக்கோட்டையில் இருந்தது என்ன? ஒரு மைதானம், ஞாயிற்றுக்கிழமை, சில சைக்கிள்கள், சொல்லிக்கொடுக்க முன்வந்த ஆட்கள், பின்னால் நின்ற ஒரு கலெக்டர். மதுரையைச் சுற்றி எத்தனை பள்ளி, கல்லூரி மைதானங்கள் ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கின்றன! அதில் சுண்ணாம்புக் கோடு போட்டு, 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டுக்குள் நிறுத்திக் காட்டச் சொன்னால் போதும். எத்தனை பேருக்கு முடிகிறது என்று அன்றே தெரிந்துவிடும்.

கிளட்ச், கியர், ஸ்டார்ட் இந்த மூன்றையும் நாற்பது வருஷமாக வண்டிகள் நமக்காகப் பார்த்துக்கொண்டன. நிறுத்தக் கற்றுக்கொள்வது மட்டும் இன்னும் நம் பொறுப்பில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ இந்த லீவில் வண்டி பழகுகிறார்கள் என்றால், வயசு ஆகிவிட்டதா என்று பார்த்துவிட்டு, எட்டு போடச் சொல்லித்தருவதற்கு முன்னால் பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள்.